இளஞ்சூட்டில்

தீயணைப்பு வண்டிகள் போய் ஒன்பது நாள்.
சார்ஜென்ட் அவென்யூவில் அந்த மூன்று மாடி
இன்னும் பனிக்கட்டிக்குள் நிற்கிறது.
பீய்ச்சிய தண்ணீர்
எரிந்த சுவரிலேயே உறைந்துவிட்டது;
வின்னிபெக்கின் ஜனவரி அப்படி.
பூட்ஸில் முள்பட்டை கட்டிக்கொண்டு
கருத்த பனிப்படிகளில் ஏறினோம்
நானும் லோர்ன் டெஜார்லேயும்.

காகிதத்தில் எங்கள் வேலை ஒரு வரிதான்:
எதில் உயிர் இருக்கிறது, எதில் இல்லை,
எழுதிக் கொடு.

மீட்டரைப் பிடுங்கிப் போயிருந்தார்கள். இருந்தாலும்
பக்கத்துக் கட்டடத்திலிருந்து யாராவது
ஆரஞ்சு வயர் ஒன்றை இழுத்துவிட்டிருக்கலாம்.
டெஸ்டரை முதலில் எங்கள் ஜெனரேட்டரில் வைப்பேன்,
பேசுகிறதா என்று.
பிறகு கம்பியில்.
பிறகு மறுபடியும் ஜெனரேட்டரில்.
நடுவில் அதுவே செத்திருந்தால்
அதன் மௌனத்தை நம்பியவள் கதி என்ன?

சுவரைப் பிளந்தோம்.
வயரின் மேலுறை உப்பி வெடித்து
விரல் பட்டதும் பொரியாய் உதிர்ந்தது.
உள்ளே செம்பு
விறைப்பு போய்
ஈரத் துணியாகத் துவண்டது.

எரிந்த தளம் பொய் சொல்வதில்லை.
கீழ்த்தளம்தான் சொல்லும்.
சுவர் வெள்ளை, சுவிட்ச் வெள்ளை,
தகட்டைக் கழற்றினால் திருகாணி எல்லாம்
பச்சை பூத்திருக்கும்.
பிளாஸ்டிக் புகையும் ஈரமும் சேர்ந்தால் அமிலம்.
"அதையும் மாற்றணுமா?
பார்க்க நன்றாகத்தானே இருக்கு?"
வீட்டுக்காரரின் ஆள் போனில்.
"பவுடர் போட்டால் பிணமும் நன்றாகத்தான் இருக்கும்"
என்றான் லோர்ன்,
போனை வைத்த பிறகு.

நான்கு மணிக்கு, ஆஸ்பத்திரி சலவைக்கூட வேலை முடித்து,
வேலி ஓரம் வந்து நிற்பாள்
லுஸ்விமிண்டா மக்பனுவா, 304.
மற்றவர்கள் பாஸ்போர்ட் கேட்டார்கள்,
தையல் மெஷின், ஒரு பெட்டி போட்டோ கேட்டார்கள்.
இவள் கேட்டது வேறு:
"என் ரைஸ் குக்கரா?
மகன் இரவு ஷிஃப்டிலிருந்து வருவான் என்று
இளஞ்சூட்டில் வைத்துவிட்டுப் போனேன்."
302-இல் இருந்தவர்
இன்னும் குழாய் வழியாக மூச்சு விடுகிறார்.

அவள் அடுக்களைக்குள் போயிருக்கிறேன்.
குக்கரை விசாரணை அதிகாரி எடுத்துப் போய்விட்டார்.
மேடை முழுக்கக் கரி;
ஒரு வட்டம் மட்டும்,
சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு,
துடைத்த மாதிரி வெள்ளை.
பின்னால் இருந்த வயரைத் தலைவிளக்கில் பார்த்தேன்.
பொறியில் உருகிய செம்பு முத்துப் பிடிக்கும்,
தீயில் உருகியது மெழுகாய் வழியும்
என்பது வகுப்பில் படித்தது.
பாதி நேரம் இரண்டும் ஒரே மாதிரி.
முத்தே இருந்தாலும்
தான் தொடங்கியதா, மாட்டிக்கொண்டதா
என்பது செம்புக்குத் தெரியாது.
அந்த வயரில் முத்து இல்லை.

சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
நாக்கு நுனியில் ஓர் "இல்லை" இருந்தது.
"தெரியாதும்மா, அது என் வேலை இல்லை" என்றேன்.
"ஆமாம்" என்று காதில் விழுந்தவள் போலத்
தலையசைத்தாள்.

மூன்று முறை தலை குளித்தும்
தலையணையில் அந்த வாடை.
எழுந்து போய் டோஸ்டர் பிளக்கைப் பிடுங்கினேன்.

பிப்ரவரியில் கீழ்த்தளத்துக்குத் தற்காலிக மின்சாரம்.
பிரேக்கரை ஒவ்வொன்றாக ஏற்றிவந்தோம்.
ஏழாவதில்,
முத்திரை வைத்த கதவுக்குள்
யாரோ உரக்கப் பேசினார்கள்.
லோர்ன் சுத்தியலைக் கீழே போட்டான்.
ரேடியோ.
ஹாக்கி வர்ணனை.
யாரோ கோல் அடித்தார்கள்;
அணைக்கத் தோன்றாமல் நின்றோம்.

அறிக்கை வந்தது ஏப்ரலில்:
காரணம் கண்டறியப்படவில்லை.
அதற்குள் அவள் வேலி ஓரம் வருவதை நிறுத்தியிருந்தாள்.
பிராண்டனில் தங்கை வீட்டில் என்றார்கள்;
போன் நம்பர் யாரிடமும் இல்லை.
நானும் ரொம்பத் தேடவில்லை.

304-க்குப் புது மேடை, புதுச் சுவர்.
பிளக் பாயிண்டை ஓர் அடி இடப்பக்கம் தள்ளி
வரைபடத்தில் குறித்திருந்தார்கள்.
பழைய இடத்திலேயே வைத்தேன்.
இன்ஸ்பெக்டர் கேட்டால் சொல்ல
காரணம் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன்,
அவ்வளவு நல்ல காரணம் இல்லை.