நிற்கும் பை

நர்ஸ் ஹலினா பையைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.
"அழகுதான். கீழே வைத்தால் உட்கார்ந்துவிடுகிறது.
நேற்று உருண்டோடிய மருந்துக் குப்பியைத் தேடி
நோயாளியின் கட்டிலடியில் தவழ்ந்தேன்."

போகுமிலா பதில் சொல்லவில்லை.
தைப்பதைவிடப் பிரிக்கத்தான் நேரம் பிடிக்கும்.

ஒட்டுத்துணி வைத்தாள்,
இஸ்திரிச் சூட்டில் அம்மை போட்டதுபோல் கொப்புளம்.
ஸ்பாஞ்ச் வைத்தாள்,
மூலையில் நான்கு மடிப்பு சேரும் இடத்தில்
ஊசி முறிந்து மூக்குக்கண்ணாடியில் தெறித்தது.
கான்வாஸை இரட்டையாக மடித்தாள்.
கஞ்சி போட்ட சட்டைக்காரர் மாதிரி விறைத்துக்கொண்டு
வாயைத் திறக்க மாட்டேன் என்றது பை.

வூச் நகரில் பனி சேறாகிக்கொண்டிருந்தது.
தேர்தல் முடிந்து மூன்று வாரம்.
ட்ராம் கம்பத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை,
அதில் தோற்றுப்போன வேட்பாளர்
யாரும் சொல்லாததால் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.
கத்தரிக்கோல் கோட்டுப் பையில்தான் இருந்தது.

அடிப்பாகத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.
துணியைக் குத்தாமலிருக்க
மூலைகளை வட்டமாக நறுக்கினாள்
(ஒரு காது போயிற்று).
பக்கங்களுக்குப் பழைய கோட்டின் கம்பளி,
அடியில் நான்கு பித்தளைக் குமிழ்,
எல்லாவற்றையும் மூடி நீலப்பூ உள்துணி.

செவ்வாய்க்கிழமை, மூன்றாம் மாடி, ஈரத் தரை.
ஹலினா பையை வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டு கைகளாலும்
நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
பூக்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவர்
இரத்த அழுத்தக் கருவி, கட்டுத்துணி, சாண்ட்விச்
அத்தனையையும் தாங்கிக்கொண்டிருந்தார்.

நூலுக்கும் குமிழுக்கும்தான் காசு வாங்கினாள் போகுமிலா.
பலகை, சரியாகச் சொன்னால்,
கட்சியின் சொத்து.