நாற்பத்தெட்டு

சுற்றறிக்கையில் இரண்டு கட்டம்.
ஆறு நாள், எட்டு மணி நேரம்.
நாலு நாள், பன்னிரண்டு மணி நேரம்.
எதைப் பெருக்கினாலும் நாற்பத்தெட்டு.
"புதனுக்குள்ள டிக் போட்டுத் தரணும்" என்கிறார்
சூப்பர்வைசர் தேவசகாயம்.

வலைக் கம்பெனியில் மிஷின் பேச விடாது.
கண்ணால்தான் கேட்டுக்கொண்டோம்.
மேபல் நாலு விரல் காட்டினாள்,
உடனே மடக்கிக்கொண்டாள்: கைப்பிள்ளை.
சுசிகலா ஆறு. எட்டரைக்கு மேல்
திங்கள்சந்தையிலிருந்து அவள் ஊருக்கு பஸ் கிடையாது;
ஆட்டோவுக்குக் கொடுத்தால்
அன்றைய கூலியில் கால்வாசி போச்சு.

எனக்கு?
பத்தாவது மணிக்கு மேல் முட்டு பேச ஆரம்பிக்கும்.
அவர் ரப்பர் வெட்ட மூன்று மணிக்கு எழும்புகிறவர்.
நான் ஒன்பதுக்கு வாசல் ஏறினால்
குறட்டையோடுதான் குடும்பம் நடத்தணும்.
மழை பெய்தால் அவருக்கு வேலை இல்லை.
எனக்கு மழையிலும் வலை.

இருந்தாலும், மூன்று நாள்.
ஞாயிறு கோயிலுக்கு, மீனுக்கு, விருந்தாளிக்கு.
சனி துணிக்கு, மாமியார் மாத்திரைக்கு,
குழுக் கடனுக்கு.
வெள்ளி?
வெள்ளியை இன்னும் யாரும் கேட்கவில்லை.

நாலில் டிக் போட்டேன்.
பேனா எழுதவில்லை. அழுத்தி இன்னொரு தடவை.

வீட்டில் சொன்னேன்:
"கம்பெனில மாத்திட்டாவ. இனி வாரம் அஞ்சு நாளு."
"நல்லதுதானே" என்றார், சோற்றிலிருந்து தலை தூக்காமல்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல
டிபன் பாக்ஸோடு இறங்குவேன்.
தேங்காப்பட்டணம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம்.
மதியச் சோற்றை அங்கே
பையப் பையத் தின்பேன்.
கரையில் யாராவது வலை காயப்போட்டிருப்பார்கள்.
அதற்கு முதுகைக் காட்டி உட்காருவேன்.