ஒற்றைக்கொம்பு

காவேரிப்பட்டணம் தாண்டி
மாங்கூழ் ஆலையின் கணக்கறை.
இரவு பதினொன்றரை.
காலை ஆறு மணிக்கு கேட் திறக்கும்போது
நூற்று நாற்பத்திரண்டு பேருக்கும்
கழுத்தில் மாட்ட அட்டை வேண்டுமாம்.
படம் இருக்கிறது, பெயர்ப் பட்டியல் இருக்கிறது,
இரண்டையும் சேர்க்க நான் எழுதிய
அறுபது வரி பைத்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டர்தான் கிழடு. முப்பத்திரண்டு பிட்.
எடைமேடை பில் போட்டே தேய்ந்தது.
அதற்குத் தோதான ஆயத்தப் பொட்டலம்
இப்போது யாரும் கட்டித் தருவதில்லை.
மூலத்தை இறக்கி இங்கேயே பொங்கியாக வேண்டும்.
பில்லோவை நிறுவச் சொன்னேன்.
இருபது நிமிடம் முனகிவிட்டு
வெற்றி என்றது.

படத்தைத் திறந்தது. வெட்டியது. சுருக்கியது.
பெயரை எழுது என்றேன்.
எழுத்துக்கான பகுதி நிறுவப்படவில்லை என்றது.
அப்புறம் எதற்கு வெற்றி?

மறுபடி நிறுவினேன். மூன்றே நொடி. வெற்றி.
மறுபடியும். வெற்றி.
மதியக் குழம்பைச் சுடவைத்து
ராத்திரிக்குப் புதுசு என்று ஊற்றும் மெஸ் மாதிரி
பழைய கட்டுமானத்தையே எடுத்து வைக்கிறது.

கேஷைத் தொடாதே, செய்வதை எல்லாம் சொல்லிக்கொண்டே செய் என்றேன்.
கொட்டியது, பக்கம் பக்கமாக.
கடைசியில் ஒரு சின்னக் கணக்கு:
ஜேபெக் உண்டு. இசட்லிப் உண்டு.
மூன்று நட்சத்திரம் போட்டு, ஃப்ரீடைப் இல்லை.
இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று
எங்கோ யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.
எழுத்து அவர்களுக்கு விருப்பப் பாடம்.

ஃப்ரீடைப் இந்தப் பெட்டியிலேயே இருந்தது,
இல்லையென்றால் திரையில் இந்தத் திட்டே தெரியாது.
இல்லாதது அதன் தலைப்புக் கோப்புகள்.
வீடு இருக்கிறது, கதவில் எண் இல்லை,
தபால்காரர் திரும்பிப் போய்விட்டார்.

சிக்னல் எடைமேடை ஜன்னலில் மட்டும்.
போனை அங்கே சாய்த்துவைத்தேன்.
பெங்களூரா ஏற்றிய லாரிகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்க
வேடியப்பன் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார்.
"உன் போன் எடையும் சேர்ந்துடப் போவுது, பாத்துக்க."

இரண்டு மணிக்கு முதல் அட்டை வந்தது.
எழுத்து வந்தது.
கெம்பம்மாவின் க தனியாக நிற்க
கொம்பு ஓடிப்போய் அடுத்த ம்-இல் ஒட்டிக்கொண்டிருந்தது.
அடுத்தது வேடியப்பன்.
அவரே கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.
"வடே... யப்பனா? வடையப்பனா?"
லாரி டிரைவர் சிரித்த சிரிப்பில்
எடைமுள் நிற்க நேரமானது.

வாய் கெ-வைச் சொல்லும்போது முதலில் க, பிறகு எ.
கை எழுதும்போது முதலில் கொம்பு.
இயந்திரம் வாய் சொன்ன வரிசையில் சேமித்துவைத்து
அதே வரிசையில் கொட்டுகிறது.
ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை அழித்தழித்து
நான் கற்ற அந்த இடமாற்றத்தை
இதற்குச் செய்துதர நடுவில் ஓர் ஆள் வேண்டும்.
ஆளின் பெயர் ராக்ம்.
அவருக்குத் துணைக்கு ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி.
மூவரையும் எடைமேடை ஜன்னல் வழியாகவே இறக்கினேன்,
கொசுக்கடியோடு, சொட்டுச் சொட்டாக.
திரும்பவும் பொங்கல். திரும்பவும் இருபது நிமிடம்.
வெற்றி என்றது.
போடா என்றேன்.

மூன்று நாற்பதுக்கு
கொம்பு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது.

ஆறு மணி. கேட்டில் வரிசை.
கெம்பம்மா அட்டையை வாங்கி
கையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.
பெயர்ப் பக்கம் கண்ணே போகவில்லை.
"இதுல நான் ஏன் இவ்ளோ கோவமா இருக்கேன்?"
நான் வாயைத் திறப்பதற்குள் அவளே,
"ஆமா, அன்னிக்கு அரைநாள் கூலி பிடிச்சாங்க"
என்றபடி உள்ளே போய்விட்டாள்.

கெட்டுப்போன அட்டையை வேடியப்பன் தரமாட்டேன் என்கிறார்.
எடைமேடை ஜன்னலில் தொங்குகிறது, வடையப்பனாக.

பில் புத்தகத்தின் பின்னட்டையில்
நிறுவவேண்டியவற்றை வரிசையாக எழுதிவைத்தேன்,
அடுத்த சீசனில் இந்த நாற்காலியில் யாரோ, அவர்களுக்கு.
கீழே ஒரு வரி, பேனா மக்கர் செய்ததால் இரண்டு முறை அழுத்தி:
வெற்றி என்றால் நம்பாதே,
பேரில் கொம்பு உள்ளவரை முதலில் அச்சடித்துப் பார்.