வெள்ளெழுத்து

சாலைத் தெருக் கண்ணாடிக் கடையில்
ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு
அண்ணாந்தால் மூன்று எண்ணலாம்.
மழை பெய்து ஓய்ந்த நாளில் ஐந்து.
அதில் ஒன்று
பட்டணம்காத்தான் பக்கத்துச் செல்போன் கோபுரம்.

அமாவாசைக்கு அமாவாசை
சீனி இபுராகிமின் பைக்கில்
இருட்டு தேடிப் போகிறோம்.
கேட்பவர்களிடம்
மீன் வாங்க என்கிறோம்.

தேவிபட்டினத்தில்
கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லுக்கும்
ஃபோகஸ் லைட் போட்டிருந்தார்கள்.
நடுங்கும் தண்ணீரில் சனி பளபளத்தார்.
மேலே சனியைக் காணோம்.

அரியமானில் சவுக்குத் தோப்புவரை சரியாகத்தான் இருந்தது.
பிறகு யாருக்கோ பிறந்தநாள்,
ஒரு ஜெனரேட்டர்,
பச்சையும் ஊதாவுமாக மரங்கள்.

உச்சிப்புளி தாண்டி ஒரு கண்மாய்க் கரை.
காற்று எதிர்த்திசையில் திரும்பியதும்
கருவேலங்கரி மூட்டத்தின் புகை வந்து உட்கார்ந்தது.
கேட்டை, கங்கு மாதிரி சிவந்து தெரிந்தது.
அது எப்பவுமே சிவப்புதான் என்றான் சீனி
இருமிக்கொண்டே.

திருப்பாலைக்குடிப் பக்கம் இறால் பண்ணைகள்.
இறாலுக்கு ராத்திரியே கிடையாது.

இப்படி எட்டு அமாவாசை.
நோட்டில் எட்டுப் பெருக்கல் குறி.

சித்திரையில் வாலிநோக்கம் போனோம்.
உப்பளம் முடிகிற இடத்தில் பைக்கைச் சாய்த்து
இருபது நிமிஷம் பேசாமல் நின்றோம்,
கண் பழகட்டும் என்று.
முதலில் பாத்திகளின் வரப்பு தெரிந்தது.
பிறகு பாத்திக்குள் வானம் தெரிந்தது.
மேலே பார்க்க மறந்து
கொஞ்ச நேரம் குனிந்தே எண்ணிக்கொண்டிருந்தோம்.
வடக்கே ராமநாதபுரம்
யாரோ மூட மறந்த பாத்திரத்து ஆவிபோல்
அடிவானில் வெளுத்திருந்தது.
தெற்கே கடலுக்கு மேல்,
கையை நீட்டினால் ஒரு சாண் உயரத்தில்,
நாலு வெள்ளி சிலுவையாக.

நோட்டில் எழுத வெளிச்சம் வேண்டும்.
பழகின கண் கெடாமலிருக்க
டார்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தோம்.
இரண்டு தடவை போட்டிருப்பேன்.

ஜீப் வந்தது.
முழு வெளிச்சமும் மூஞ்சியில்.
“யாருக்கு சிக்னல் குடுக்கிறீக? போட்டு எப்ப வருது?”

பைனாகுலரைப் பார்த்ததும்
அவர் குரல் இன்னும் ஒரு படி ஏறியது.
நட்சத்திரம் என்றோம்.
நாங்கள் சொன்னது எங்களுக்கே பொய்யாகக் கேட்டது.
அடையாள அட்டையை வாங்கி
முழங்கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்தார்,
கழுத்தைப் பின்னுக்கு இழுத்தார்,
சீனியின் பெயரை என் பெயராகப் படித்தார்.

வாய் சும்மா இருக்காது எனக்கு.
“சார், ப்ளஸ் ஒன்றரை. வெள்ளெழுத்து.
கிட்டத்துல தெரியாது. தூரம் பிரமாதமா தெரியும்.”

சீனி என் காலை மிதித்தான்.

அலை இரண்டு மூன்று வந்து போயிற்று.
சேதுபாண்டி, தலைமைக் காவலர், பெயர்ப்பட்டையில் இருந்தது,
ஜீப் விளக்கை அணைக்கச் சொன்னார்.
“அப்ப காட்டு. என்ன தெரியும்னு பார்ப்போம்.”

வடக்கே ஏழு பேரில்
கடைசிக்கு முந்தினவரைக் காட்டினேன்.
மைனஸ் நாலரைக்கு மேல் உப்புக்காற்றும் அப்பியிருக்க
எனக்கு அவர் ஒரு ஒற்றைக் கறை.
சட்டை நுனியால் துடைத்தேன், பெரிய கறை ஆனார்.

“ரெண்டு இருக்குய்யா.
பெருசு ஒண்ணு. ஒட்டினாப்புல பொடிசு ஒண்ணு.”

அருந்ததி சார்.

அவர் எதுவும் சொல்லவில்லை.
தொப்பியைக் கழற்றினார்,
ஒருவேளை விளிம்பு மறைத்ததோ என்னவோ.
“பகல் பதினோரு மணி முகூர்த்தம்.
மண்டபத்து ஃபேனுக்கு நேரா கையைக் காட்டி
தெரியுதான்னு கேட்டாரு ஐயர்.
தெரியுதுன்னேன்.
அவளும் தெரியுதுன்னா.”

பிறகு ஞாபகம் வந்தவராக
எங்கள் இருவர் பெயரையும் நம்பரையும்
பதிவேட்டில் கோணலாக எழுதிக்கொண்டார்.
அடுத்த தடவை ஸ்டேஷனில் சொல்லிவிட்டு வர வேண்டுமாம்.
ஜீப்பைத் திருப்பின வெளிச்சத்தில்
பாத்தியில் இருந்ததெல்லாம் அழிந்தது.
மறுபடி இருபது நிமிஷம்.

வாலிநோக்கம், உப்பளத்துக்குத் தெற்கே: இருட்டு நன்று.
சிவப்பு டார்ச் ஆகாது.

கடை அட்டை கொடுத்தேன்.
செவ்வாய் விடுமுறை என்றும் சொன்னேன்.
இன்னும் வரவில்லை.
ப்ளஸ் ஒன்றரையில் ஒரு ஜோடி
தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.