அரைப்பேர்

நாலு மணி. பொகவந்தலாவையில் மூடுபனி
ஆபீஸ் கண்ணாடிவரை வந்து நிற்கிறது.
திரையில் பைதான் வரைந்த மூன்று கோடுகள்:
மேமலை பச்சை, கீழ்மலை நீலம்,
புதுக்காடு சிவப்பு.
எந்த நிறம் எந்த மலை என்று சொல்லும் பெட்டி
வலது கீழ் மூலையில்.

"அங்கேயே இருக்கட்டும், அழகாயிருக்கு"
என்றார் சின்னத்துரை.

பெட்டியை ஒருமுறை அணைத்துப் பார்த்தேன்.
அடியில் செப்டம்பர்.
சிவப்புக் கோடு பள்ளத்தில் கிடந்தது.
மழை, அட்டை, பதினாறு கிலோ.
பதினெட்டு வராததால்
யோகமலருக்கு அரைப்பேர் போட்ட செக்ரோலை
டைப் செய்ததும் இதே விரல்.

இடம்: ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு, ஒன்று.
பெட்டி சட்டத்துக்கு வெளியே போய் நின்றது,
பெரட்டுக்குப் பிந்தி வந்தவள் மாதிரி.

இன்னொரு வேலை பாக்கி.
புதுக்காட்டை இனி
'ஏழாம் நம்பர்' என்று போடச் சொல்லியிருந்தார்.
கோட்டின் பெயரை மாற்றினேன்.
பெட்டி காதில் வாங்கவில்லை.
லெஜெண்டை மறுபடி கூப்பிட்டால்தான்
அதற்குப் புதுப்பேர் தெரியும்.

கூப்பிடவில்லை.
அப்படியே சேவ் பண்ணினேன்.
பச்சை, நீலம்,
சிவப்பு: புதுக்காடு.
முழுப்பேர்.