கிராஸு

கிளட்சை விட்டதும் அடியில் ஒரு டொக்.
ரிவர்ஸ் போட்டாலும் அதே டொக்.
அறுபதைத் தொட்டால்
பீடிக்கட்டு மேல் போட்ட தார்ப்பாய் வரைக்கும் நடுக்கம்.
பேட்டையில் ஒருத்தன் கியர்பாக்ஸ் என்றான்,
பதினாலாயிரம் என்றான்.

மேலப்பாளையம் அசனார் விலை சொல்லவில்லை.
சுமோவுக்கு அடியில் மல்லாந்து
ஷாஃப்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார்.
நெல் கனத்துக்கு ஆட்டம்.
‘கிராஸுதான் போச்சு வே.
மூடி ஓரத்தப் பாரும், தேரிமண்ணு கணக்கா பொடி.’

கழற்றுமுன் சாக்கட்டியால் ஒரு கோடு:
இருந்த மாதிரியே மாட்டணுமாம்.
வைஸில் நெரிபட்டு வந்த மூடிக்குள்
ஊசிகள் இல்லை,
ஊசி கிடந்த தடத்தில் துரு.

புதுசில் கடைசி கிளிப் உட்காரமாட்டேன் என்றது.
சுத்தியல் கைக்கெட்டத்தான் கிடந்தது.
அசனார் அதைத் தொடவில்லை,
திரும்பப் பிரித்தார்.
கிரீஸுக்குள் ஒரேயோர் ஊசி
குறுக்கே படுத்திருந்தது.
சுண்டுவிரலால் நிமிர்த்தி வைத்தார்.

சேரன்மகாதேவி ரோட்டில் அறுபது, எழுபது.
சத்தமே இல்லை.
இல்லை, இருந்தது:
பின்கதவுத் தாழ்
எத்தனை மாசமாகவோ லொடலொடத்துக்கொண்டு.

முக்கூடலில் வீட்டு முன்னால் இறங்கினேன்.
தெருமுனை டொக் கேட்டதுமே
பூலம்மா விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிடுவாள்.
இன்றைக்கு இருட்டு.
தட்டினேன்.
‘யாரு?’ என்றாள்.