இருபத்தொன்பதுக்கு நாலு

பொன்பாடி தாண்டியதும் கைப்பேசி
ஆந்திரத்துக்கு நல்வரவு என்றது.
எதிர் இருக்கைக்காரர் குனிந்து செருப்பைத் தேடினார்.
மடியிலிருந்த தாளை மறுபடி விரித்தேன்.
பிறந்தது, இறந்தது, யாரை யாருக்குக் கட்டியது
எல்லாம் கட்டம் கட்டமாய்.
வஜ்ஜிரவேலு மாமா கட்டத்தில் மட்டும்
பென்சிலில் ஒரு சொல்:
ஆடினார்.

லோகநாயகி அத்தை சொன்னதுதான்.
"உங்க மாமா பூப்பந்துல எறங்கினா
நகரியில தறி நிக்கும்."
சாட்சிக்கு ஒரு கப்பு இருக்கிறது,
பித்தளை, ஒரு காது உடைந்தது.
இப்போது அதில் ஊதுபத்தியும் கரண்ட் பில்லும்.
எந்த வருஷம், எந்த அணி,
எதுவும் பொறிக்கவில்லை.
நான் பார்த்த மாமா
பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை.

ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி
மூன்றாவது சந்தில் கஜேந்திர நாயுடுவின் தறிக்கூடம்.
அவர் அப்பா கழகத்துக்குச் செயலாளராக இருந்தவர்.
பதினெட்டுத் தறி ஓடும் சத்தத்தில்
தமிழா தெலுங்கா என்று பிரிக்க முடியாத ஒன்றில்
கத்திக்கொண்டோம்.
நூல் கோன் பெட்டிக்கு அடியிலிருந்து
ஸ்கோர் நோட்டு வந்தது. மூன்று.
பஞ்சுத் தூசியை அவரே ஊதினார்.

அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று.
புத்தூரோடு, கார்வேட்டிநகரத்தோடு,
அப்போதுதான் எல்லை தாண்டிப்போயிருந்த திருத்தணியோடு.
ஐந்தைந்து பெயர்.
முனிரத்தினம், சங்கரய்யா, டெய்லர் பாஷா,
இன்னொரு முனிரத்தினம்.
வஜ்ஜிரவேலு இல்லை.
வி. வேலு என்று தேடினேன். வஜ்ரம் என்று தேடினேன்.
தெலுங்கில் எழுதிய பெயர் வந்தால்
நாயுடு விரல் வைத்துப் படித்தார்.
லேது என்றார், ஒவ்வொரு முறையும்
தானே தோற்றதுபோல்.

டீ வந்தது, ஆறியது.
அத்தையிடம் என்ன சொல்வது என்ற யோசனையில்
பக்கத்தை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு.
நாலு, கவிழ்த்துப் போட்ட நாற்காலி.
இந்த நாலை எனக்குத் தெரியும்.
என் கல்யாண மொய் நோட்டு முழுக்க
இந்த நாற்காலிகள்தான் கிடக்கும்.

முதல் பக்கத்துக்கு ஓடினேன்.
ஒவ்வொரு பாயின்ட்டும், ஒவ்வொரு சர்வீசும்,
பந்து தொலைந்த நேரம்கூட
("புளியமரம். 6 நிமிஷம்")
மாமா எழுதியது.
ஒரு மணி நேரமாக
அவர் கையெழுத்துக்குள் உட்கார்ந்துகொண்டு
அவரைத் தேடியிருக்கிறேன்.

நாயுடுதான் அதைக் கண்டுபிடித்தார்.
மூன்றாம் நோட்டில் ஒரே ஓர் ஆட்டம்
வேறு கை. பச்சை மை. அத்தனையும் தெலுங்கு.
சத்தத்தில் படிக்க முடியாமல்
மெயினை அணைக்கச் சொன்னார்.
பதினெட்டுத் தறியும் நின்றன.
எதற்கென்று தெரியாமல் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள்.
பாஷாவுக்குக் காய்ச்சல், படித்தார் நாயுடு.
பின்வரிசை, வஜ்ரவேலு.
இருபத்தொன்பதுக்கு நாலு.
இரண்டாம் செட் நடுவில் "விரல்" என்று மட்டும்,
அப்புறம் நாலு பேர்தான் ஆடியிருக்கிறார்கள்.

அந்தச் சுண்டு விரல்.
இடது கையால் மொய் நோட்டை அழுத்திப் பிடிக்கையில்
அது மட்டும் தாளைத் தொடாமல்
எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைசி அட்டையில் செலவுக் கணக்கு, மறுபடி அவர் எழுத்து.
மஞ்சள் உல்லன் பந்து, இரண்டு டஜன்.
வலை கட்டக் கயிறு. சுண்ணாம்பு.
கப் ஒன்று, ரூ. 7.50, இடுப்பில் கோடு போட்ட ஏழு.
அதன் கீழே:
இறுதி ஆட்டம் மழை. கப் என்னிடம்.

அத்தையைக் கூப்பிட்டேன்.
"கெடச்சுதா? எத்தினி ஆட்டம் ஜெயிச்சாராம்?"
அதற்குள் யாரோ மெயினைப் போட்டுவிட்டார்கள்.
தறி நின்னுச்சு அத்தை, என்று கத்தினேன்.
"என்னது?"
நின்னுச்சு, நின்னுச்சு.
வீட்டுக்கு வந்து சொல்றேன்.